பரணில் கிடக்கும் ஜப்பானிய வாள்: தேய்க்கலாமா, விற்கலாமா?

கேள்வி: ஐயா, என் தாத்தா இந்திய இராணுவத்தில் மருத்துவ அதிகாரியாக இருந்தவர். 1945 கடைசியில் மலாயாவிலிருந்து திரும்பும்போது ஒரு ஜப்பானிய வாளைக் கொண்டுவந்தார். அன்று முதல் அது எங்கள் வீட்டுப் பரணில்தான் இருக்கிறது. ஆயுத பூஜைக்கு மட்டும் இறக்கி, சந்தனம் குங்குமம் வைத்து, நுனியில் எலுமிச்சம்பழம் குத்தி வைப்போம். காக்கிப் பெயின்ட் அடித்த உலோக உறை, துணிநாடா சுற்றிய பிடி, நீலமும் பழுப்புமாக ஒரு குஞ்சம். அலகு 25 அங்குலம். போன வாரம் பிடியைக் கழற்றிப் பார்த்தோம். உள்ளே ஒரே கறுப்புத் துரு, இரண்டு ஓட்டை, ஒரு பக்கத்தில் ஆறு எழுத்துகள். அண்ணன் பிராசோ போட்டுத் தேய்த்து, சாணை பிடிப்பவரிடம் கொடுத்துப் பளபளப்பாக்கி விற்றுவிடலாம் என்கிறார். கோடிக்கணக்கில் போகும் என்று யூடியூபில் பார்த்தாராம். இது அசலா? எந்தக் காலத்தது? என்ன செய்யலாம்? படங்களை இணைத்திருக்கிறேன். — வாசகர், வேலூர்.

பதில்:

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் அந்தப் பிராசோ டப்பாவை அண்ணன் கையிலிருந்து வாங்கி வையுங்கள். சாணைக்காரரிடமும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அவசரமான விஷயம் இது ஒன்றுதான். மற்றதை நிதானமாகப் பேசலாம்.

பிடிக்குள் மறைந்திருக்கும் வால்பகுதியை ஜப்பானியர் நாகாகோ என்பார்கள். வாளின் ஜாதகம் அதில்தான் இருக்கிறது. கொல்லர் அலகை முடித்ததும் வாலை அரத்தால் ராவி, உளியால் பெயர் வெட்டி அப்படியே விட்டுவிடுவார். அதற்குப்பின் எத்தனை தலைமுறை கழித்து யார் பட்டை தீட்டினாலும் அலகைத்தான் தொடுவார்கள், வாலைத் தொடமாட்டார்கள். எனவே அங்கே படியும் துரு வருடக்கணக்கில் மெல்ல மெல்ல ஏறி, செம்மண் நிறத்திலிருந்து பழுப்பாகி, கடைசியில் பழைய புளியின் கருநிறத்துக்கு வந்து நிற்கும். தேர்ந்த கண் அந்த நிறத்தை வைத்தே இது 80 வருடத்ததா, 400 வருடத்ததா என்று பிரித்துவிடும். தேய்த்தால் போயிற்று. திரும்பக் கொண்டுவர வழியே கிடையாது.

தொழிலுக்கு வந்த புதிதில் நானே இந்தப் பாவத்தைச் செய்திருக்கிறேன். அப்போது நான் வேலை பார்த்த இடத்தில் மூத்தவர் ஒருவர் சொன்னார் என்று, ஒரு வாளின் வாலைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்தேன். அரை மணி நேர வேலை. உடைமைக்காரர் வந்து பார்த்து, புதுசு மாதிரி இருக்கிறது என்று சந்தோஷப்பட்டு இனாம் வேறு கொடுத்தார். நான் அழித்தது என்ன என்பது எனக்கு இரண்டு வருடம் கழித்துத்தான் புரிந்தது.

சரி, உங்கள் வாளுக்கு வருவோம். வெளிப்பக்கத்தைப் பற்றிச் சந்தேகமே இல்லை. அது ஜப்பானியத் தரைப்படை அதிகாரிகளுக்கான 1938 மாதிரியின் பிடியும் உறையும்தான். பிடியின் உலோகப் பாகங்களில் செர்ரிப் பூ அச்சு இருப்பதும் உங்கள் படத்தில் தெரிகிறது. நீலமும் பழுப்பும் கலந்த குஞ்சம் லெப்டினன்ட், கேப்டன் தரத்து அதிகாரிகளுடையது. மேஜர் தரத்திலிருந்து நீலத்தின் இடத்தில் சிவப்பு வரும். பிடியின் நாடாவுக்கு அடியில் வெள்ளையாகச் சொரசொரப்பாகத் தெரிவது திருக்கை மீனின் தோல். பழைய காலத்தில் அந்தத் தோல் சயாமிலிருந்தெல்லாம் கப்பலேறி ஜப்பானுக்குப் போயிருக்கிறது. போர்க்காலத்து மலிவு வாள்களில் அதற்குப் பதில் செல்லுலாய்டு ஒட்டியிருப்பார்கள். உங்களுடையதில் தோல்தான் என்று நினைக்கிறேன்.

இது தாத்தா கைக்கு வந்த விதமும் நம்பும்படியாகவே இருக்கிறது. 1945 செப்டம்பரில் சரணடைவு நடந்தபோது, தென்கிழக்கு ஆசியாவில் நேச நாடுகளின் தளபதியாக இருந்த மவுண்ட்பேட்டன், ஜப்பானிய அதிகாரிகள் தங்கள் வாளைத் தம் கையாலேயே ஒப்படைக்க வேண்டும் என்பதில் பிடிவாதமாக இருந்தார். பிலிப்பைன்ஸிலும் ஜப்பானிலும் அமெரிக்கத் தளபதி மெக்ஆர்தர் அப்படிப்பட்ட சடங்கு வேண்டாம் என்று இருந்ததற்கு இது நேர்மாறு. செப்டம்பர் 12 அன்று சிங்கப்பூரில் பொதுச் சரணடைவு நடந்தது. தென்பகுதி ஜப்பானியப் படைகளின் தளபதி பீல்ட் மார்ஷல் தெராஉச்சி உடல்நலமில்லாமல் இருந்ததால் நவம்பர் 30 அன்று சைகோனில் தன் இரண்டு வாள்களை மவுண்ட்பேட்டனிடம் கொடுத்தார். அதில் ஒன்று இங்கிலாந்து மன்னருக்குப் போனது. மலாயாவில் இறங்கிய படைகளில் பெரும்பகுதி இந்தியப் படைகள். அங்கே குவிந்த வாள்களில் பல, அதிகாரிகளுக்கு நினைவுப் பொருளாகக் கிடைத்தன. இங்கிலாந்து, ஆஸ்திரேலியா, இந்தியா என்று வீட்டுப் பரண்களில் இன்று தூங்குகிற ஜப்பானிய வாள்களில் கணிசமான பங்கு இப்படி வந்ததுதான்.

ஆனால் உறையும் பிடியும் 1938 மாதிரி என்பதால் அலகும் அந்தக் காலத்தது என்று முடிவுகட்டக் கூடாது. ஜப்பானிய அதிகாரிகள் வாளைச் சொந்தக் காசில் வாங்கிக்கொள்ள வேண்டும். கையில் காசு மட்டும் இருந்தவர் கடையில் வாங்கினார். வீட்டில் முப்பாட்டன் வாள் இருந்தவர் அதற்கு இராணுவப் பிடியும் உறையும் போட்டுக்கொண்டு போருக்குப் போனார். அதனால் ஒரே மாதிரி காக்கி உறைக்குள் மூன்று வகை அலகு இருக்கலாம்.

முதல் வகை, போர்க்காலத்தில் அவசரத்துக்குச் செய்தது. பெரும்பாலும் செகி ஊர்ப் பட்டறைகளிலிருந்து வந்தவை. பழுக்கக் காய்ச்சிய அலகைத் தண்ணீரில் தோய்ப்பதற்குப் பதில் எண்ணெயில் தோய்த்திருப்பார்கள், இரும்பும் ஆலை இரும்பு. வாலில் பெயருக்கு மேலே சின்னதாக ஒரு முத்திரை இருக்கும். இரண்டாவது, அதே போர்க்காலத்தில் ஆனால் தமாஹகானே என்னும் பாரம்பரிய எஃகை மடித்து அடித்துச் செய்தது. தோக்கியோவின் யாசுகுனி ஆலய வளாகத்தில் 1933 முதல் 1945 வரை நடந்த பட்டறை இதற்குப் பேர்போனது. இராணுவம் அங்கீகரித்த கொல்லர்களின் வாள்களில் நட்சத்திர முத்திரை இருப்பதுண்டு. மூன்றாவது வகை நிஜமாகவே பழையது. (சார்ஜென்ட் தரத்தினருக்கான 1935 மாதிரி ஒன்று தனியாக உண்டு. அதன் பிடியே வார்ப்பு உலோகம், நாடா சுற்றியதுபோல் பெயின்ட் அடித்திருக்கும், அலகின்மேல் எண் குத்தியிருக்கும். உங்களுடையது அது இல்லை.)

உங்கள் படத்தில் வாலின் நிறம் போர்க்காலத்து வாலின் நிறமாக இல்லை. 80 வருடத்து வாலில் பழுப்புத் துருவுக்கு நடுவே இரும்பின் சாம்பல் நிறம் இன்னும் எட்டிப் பார்க்கும். உங்களுடையது ஒரே சீராகக் கறுத்திருக்கிறது, முத்திரை எதுவும் தெரியவில்லை. இரண்டு ஓட்டை இருப்பதும் நல்ல அறிகுறிதான்: வேறொரு பிடிக்கு மாற்றியபோது மூங்கில் ஆணிக்குப் புதிதாகத் துளை போட்டிருக்கிறார்கள். இந்த வாள் ஒரு பிடியோடு மட்டும் வாழவில்லை.

அந்த ஆறு எழுத்துகளை நான் இப்படி வாசிக்கிறேன்: பி-ஷூ-ஒசா-ஃபுனே-சுகே-சதா. பிஷூ என்பது பிசென் மாகாணம், இன்றைய ஒகயாமா மாவட்டத்தின் ஒரு பகுதி. ஒசாஃபுனே அங்கே யொஷீ ஆற்றங்கரையில் இருந்த ஊர். பல நூற்றாண்டு காலம் ஜப்பானிலேயே மிக அதிகமாக வாள் செய்த ஊர் அதுதான் என்றால் மிகையில்லை. இன்றும் அங்கே ஒரு வாள் அருங்காட்சியகம் நடக்கிறது. சுகேசதா கொல்லரின் பெயர்.

இங்கேதான் அண்ணனிடம் பக்குவமாகப் பேச வேண்டும். சுகேசதா என்பது ஒருவர் அல்ல. 15, 16ஆம் நூற்றாண்டுகளில் அந்தப் பெயரில் வெட்டிய கொல்லர்கள் பல டஜன் பேர். ஜப்பான் முழுக்க உள்நாட்டுச் சண்டை நடந்த காலம் அது. காலாட்படைக்கு ஆயிரக்கணக்கில் வாள் தேவைப்பட்டது, ஒசாஃபுனேப் பட்டறைகள் இரவுபகலாக அடித்துத் தள்ளின. அந்த மொத்த உற்பத்தியில் வெட்டப்பட்ட கையெழுத்து பெரும்பாலும் இதே ஆறெழுத்துதான். பெயர்பெற்ற வாடிக்கையாளர் சொல்லிச் செய்வித்த உயர்தர வாளில் கொல்லர் தன் இயற்பெயரையும் சேர்த்து நீளமாக வெட்டுவார். யொசோசாஎமோன்-நோ-ஜோ சுகேசதா என்று இருந்தால் நானே வேலூருக்கு ரயில் ஏறியிருப்பேன். 16ஆம் நூற்றாண்டின் கடைசியில் யொஷீ ஆற்று வெள்ளம் ஊரையே அடித்துக்கொண்டு போனதோடு அந்தப் பெரும் உற்பத்தியும் முடிந்தது.

கையெழுத்தை நம்பலாமா என்பது இந்தத் துறையின் நிரந்தரத் தலைவலி. பொய்க் கையெழுத்துக்கு கிமெய் என்று பெயர். அது நேற்று வந்த மோசடி இல்லை, சாமுராய்கள் ஒருவருக்கொருவர் வாளைப் பரிசளித்த காலத்திலேயே கொடிகட்டிப் பறந்த தொழில். 17ஆம் நூற்றாண்டுக் கொல்லர் கொதெட்ஸுவின் பெயரைக் கண்டால் உடனே போலி என்று நினைத்துக்கொள் என்று ஜப்பானில் வழக்காகவே சொல்வார்கள். மசமுனே, முரமசா என்று பெரும்புகழ் பெற்ற கொல்லர்களின் பெயர் எழுதியிருந்தால், போலி என்று நான் காபி ஆறுவதற்குள் பதில் எழுதிவிடுவேன். உங்கள் வாளில் இருப்பது அவ்வளவு பெரிய பெயர் இல்லை. அதனாலேயே எனக்கு நம்பிக்கை கொஞ்சம் கூடுகிறது. ஆனாலும் ஒரு காரியம் செய்யுங்கள். பூதக்கண்ணாடி வைத்து எழுத்தின் பள்ளத்துக்குள்ளே பாருங்கள். வெளியே இருக்கும் அதே கறுப்பு உள்ளேயும் இருக்கிறதா? வெளியே கறுப்பு, உள்ளே வெளுப்பு என்றால் பழைய வாலில் பிற்பாடு யாரோ பெயர் வெட்டியிருக்கிறார்கள்.

அளவும் பொருந்தியே வருகிறது. நுனியிலிருந்து, வால் தொடங்கும் இடத்தில் முதுகுப் பக்கத்தில் இருக்கும் படிவரை நேர்க்கோட்டில் 25 அங்குலம் என்றால் 63.5 சென்டிமீட்டர். ஷாகு என்பது ஜப்பானிய நீள அளவு. இரண்டு ஷாகு, அதாவது 60.6 சென்டிமீட்டரைத் தாண்டினால் கதானா என்னும் நீள வாள், அதற்குக் குறைந்தால் வாகிசாஷி என்னும் குறுவாள். ஒரு கையால் வீசுவதற்கென்று குட்டையான வாலோடு, இப்படி இரண்டு ஷாகுவைக் கொஞ்சமே தாண்டிய வாள்களை அந்தக் காலத்து ஒசாஃபுனேயில் நிறையச் செய்தார்கள். உங்கள் படத்தில் பிடி நீளம், வால் குட்டை என்று தெரிகிறதே, அது இதனால்தான்.

இனி அலகு. இரவில் மற்ற விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு ஒரே ஒரு குண்டு பல்பை எரியவிடுங்கள். வாளின் நுனியைப் பல்பின் திசைக்கு நீட்டி, மெல்லச் சாய்த்துச் சாய்த்துப் பாருங்கள். வாய்ப்பக்கம், அதாவது வெட்டும் விளிம்பு, நெடுக வெள்ளைப் பனிபோல ஒரு கோடு ஓடும். கொல்லர் தோய்ப்பதற்கு முன் அலகில் களிமண் பூசுவார்: முதுகில் கனமாக, வாயில் மெல்லிசாக. வாய் சட்டென்று குளிர்ந்து கடினமாகிறது, முதுகு நின்று குளிர்ந்து வளைந்து கொடுக்கிற தன்மையோடு இருக்கிறது. இரண்டும் சந்திக்கும் இடம்தான் ஹாமோன் என்னும் அந்தக் கோடு. 16ஆம் நூற்றாண்டு ஒசாஃபுனே வாள் என்றால் அது அலையலையாக எழுந்து, சில இடங்களில் நண்டுக் கொடுக்குபோலப் பிளந்து நிற்கக்கூடும். நண்டு நகம் என்றே ஜப்பானிய ரசிகர்களும் சொல்கிறார்கள். இன்று சந்தையில் விற்கும் போலிகளில் இந்தக் கோட்டை அமிலம் வைத்து வரைந்திருப்பார்கள். அது தோலில் வரைந்த மருதாணி மாதிரி மேலேயே கிடக்கும், வெளிச்சத்தைத் திருப்பினாலும் ஆழம் தெரியாது.

அந்தக் கோடு நுனிவரை போய்த் திரும்புகிறதா என்று கவனியுங்கள். வாயில் குறுக்காக மயிரிழை விரிசல் ஏதாவது இருக்கிறதா என்று நகத்தால் அல்ல, கண்ணால் தேடுங்கள். கோடு நுனிவரை போகாமல் நின்றிருந்தாலோ, குறுக்கு விரிசல் இருந்தாலோ சேகரிப்பாளர்கள் ஒதுங்கிவிடுவார்கள். நெடுக்காக மரத்தின் ரேகைபோல் பிரிந்திருந்தால் பயமில்லை. மடித்து அடித்த எஃகில் அது சகஜம்.

சாணை ஏன் கூடாது என்பதற்கும் இதே ஹாமோன்தான் காரணம். ஜப்பானியப் பட்டைத் தொழிலாளி வரிசையாகக் கற்களை மாற்றி, தண்ணீர் விட்டு, ஒரு வாளோடு வாரக்கணக்கில் உட்காருவார். அப்படியும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் இரும்பு போகும். ஒரு வாள் தாங்கும் பட்டைகளுக்கு ஒரு கணக்கு உண்டு. நம் ஊர்ச் சாணைச் சக்கரம் 10 நிமிடத்தில் அந்தக் கணக்கை முடித்துவிடும். பக்கவாட்டு விளிம்பு மழுங்கி, சூட்டில் கடினம் இறங்கி, கையில் ஒரு நீளமான அரிவாள்மனை மிஞ்சும்.

பூஜையைப் பற்றி ஒரு வார்த்தை. நான் தடுக்கமாட்டேன். ஆனால் எலுமிச்சைச் சாறு அமிலம். உங்கள் மூன்றாவது படத்தில் நுனியருகே தெரியும் கரும்புள்ளிகள் பெரும்பாலும் அந்தப் பழத்தின் வேலைதான். இனிமேல் சந்தனமும் குங்குமமும் உறைக்கோ பெட்டிக்கோ இருக்கட்டும், பழத்தைப் பக்கத்தில் வையுங்கள். அலகை வெறும் விரலால் தொடாதீர்கள், வியர்வை உப்பு இரண்டு நாளில் கைரேகையைத் துருவாக எழுதிவிடும். தையல் மிஷின் எண்ணெய் இரண்டு சொட்டு, பழைய பருத்தித் துணி, முதுகுப் பக்கத்திலிருந்து பிடித்துப் பிடியிலிருந்து நுனி நோக்கி ஒரே துடைப்பு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை போதும். தேங்காய் எண்ணெயும் நல்லெண்ணெயும் நாளடைவில் கெட்டுப்போகும், வேண்டாம். வாலுக்கு எண்ணெயும் கிடையாது, ஒன்றும் கிடையாது.

இப்போது விலை. கோடியில் போகிற வாள்கள் இருக்கின்றன, உங்களுடையது அந்த ஜாதி இல்லை. அதிசயம் நடந்ததே இல்லை என்று சொல்லமாட்டேன். ககோஷிமாவின் தெருகுனி ஆலயத்துக்குச் சொந்தமான, தேசியப் பொக்கிஷமான, குனிமுனே என்ற கொல்லர் செய்த வாள் போருக்குப்பின் காணாமல்போய் அமெரிக்காவில் ஒரு பழம்பொருள் கடைக்கு வந்தது. வால்டர் காம்ப்டன் என்ற சேகரிப்பாளர் அதை அடையாளம் கண்டு 1963இல் காசு வாங்காமல் ஆலயத்துக்கே திருப்பிக் கொடுத்தார். மறுபுறம், ஒரு காலத்தில் ஜப்பானை ஆண்ட தொகுகாவா குடும்பம் 1945 டிசம்பரில் தோக்கியோ மெஜிரோ காவல் நிலையத்தில் ஒப்படைத்த, மசமுனே செய்த ஹொன்ஜோ மசமுனே என்ற வாள் இன்றுவரை அகப்படவில்லை. பரணில் வாள் வைத்திருக்கும் எல்லோரும் அது தங்கள் வீட்டில் இருக்கிறதா என்று எனக்கு எழுதுகிறார்கள். உங்களுடையது நான் நினைப்பதுபோலவே இருந்தால், நேர்மையான, உழைத்த, 450 வருடம் தாண்டிய ஒரு சிப்பாய் வாள். முறையாகப் பட்டை தீட்டச் சில லட்ச ரூபாய் ஆகும். தீட்டிய பிறகும் அந்தச் செலவு விலையில் திரும்பி வருமா என்பது சந்தேகம்தான்.

அதைவிடப் பெரிய சிக்கல் சட்டம். தோக்கியோவில் 1948இல் தொடங்கிய ஜப்பானிய வாள் கலைப் பாதுகாப்புச் சங்கம் வாளை நேரில் பார்த்துத்தான் சான்று தரும், படத்தை வைத்துத் தராது. அங்கே அனுப்பலாமா? நம் நாட்டின் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி 100 வயதைக் கடந்த கலைப் பொருளைத் தனிநபர் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. அது எந்த நாட்டில் செய்தது என்று சட்டம் கேட்பதில்லை, வயதைத்தான் கேட்கிறது. போர்க்காலத்து ஆலை வாள் என்றாலோ, ஜப்பானே உள்ளே விடாது. பாரம்பரிய முறையில் செய்யாத வாளை அங்கே பதிவு செய்ய முடியாது, பறிமுதல்தான். பழையது என்றால் இங்கிருந்து கிளம்பாது, புதியது என்றால் அங்கே இறங்காது!

உள்ளூரிலும் கவனம் தேவை. 9 அங்குலத்தைத் தாண்டிய அலகு ஆயுதச் சட்டத்தின் கண்ணில் ஆயுதம்தான். உங்கள் பகுதியில் உரிமம் வேண்டுமா என்பதை ஆட்சியர் அலுவலகத்தில் எழுத்துமூலமாகக் கேட்டுப் பதிலை வாளோடு வையுங்கள். எனக்குக் காட்டுகிறேன் என்று பேருந்திலோ கூரியரிலோ கொண்டுவந்துவிடாதீர்கள்.

என் அபிப்பிராயம், விற்க வேண்டாம். அண்ணன் தம்பிக்குள் யாரிடம் இருப்பது என்று பேசிக்கொள்ளுங்கள். இராணுவப் பிடியையும் உறையையும் குஞ்சத்தையும் பிரிக்காதீர்கள். தாத்தா கைக்கு வந்த கதையை அவைதான் சொல்கின்றன.

எனக்கு இரண்டு விஷயம் வேண்டும். வாலின் மறுபக்கத்தை நீங்கள் படமெடுக்கவே இல்லை. நுனி மேலே, வாய் இடப்பக்கம் இருக்கும்படி பிடித்தால் தெரிவது பெயருள்ள பக்கம். அதைத் திருப்புங்கள். ஏதாவது வெட்டியிருந்தால் அது பெரும்பாலும் தேதி. ஜப்பானியர் ஆண்டைச் சகாப்தப் பெயரோடு எழுதுவார்கள். எய்ஷோ என்று தொடங்கினால் 1504க்கும் 1521க்கும் இடையில், தென்புன் என்றால் 1532 முதல் 1555 வரை. கடைசியில் ‘எட்டாம் மாதத்து ஒரு நாள்’ அல்லது ‘இரண்டாம் மாதத்து ஒரு நாள்’ என்று முடியும். எந்த மாதத்தில் செய்தாலும் இந்த இரண்டில் ஒன்றைப் போடுவது அவர்கள் வழக்கம். ஷோவா என்று இருந்தால் ஆண்டு எண்ணோடு 1925ஐக் கூட்டுங்கள், நான் மேலே எழுதியதில் பாதியை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். எழுத்து படத்தில் சரியாக விழவில்லையென்றால் கல்வெட்டுக்கு மைப்படி எடுப்பதுபோல மெல்லிய தாளை வைத்துப் பென்சிலைப் படுக்கவைத்துத் தேயுங்கள். மை வேண்டாம்.

இரண்டாவது, வாள் இருந்த பரணை ஒருமுறை நன்றாகத் துழாவுங்கள். சரணடைந்த அதிகாரிகள் சிலர் தங்கள் பெயரையும் ஊரையும் மரச்சில்லிலோ வெள்ளைத் துணியிலோ எழுதிப் பிடியில் கட்டிக் கொடுத்தார்கள். உங்கள் படத்தில் குஞ்சத்துக்கு மேலே ஒரு நூல் அறுந்து தொங்குகிறது. அதன் மறுமுனையில் இருந்தது எங்காவது கிடக்கலாம்.